மிச்சம் இரண்டு ஓட்டு

"உனக்குப் போடாம வேற யாருக்குப் போடப்போறேன், ஆல்டன்? என் மூணு ஓட்டுல ஒண்ணு உனக்குத்தான்," என்றாள் எட்னா. சொல்லிக்கொண்டே காலி பாட்டில்களை நிறம் பார்த்துத் தனித்தனித் தொட்டிகளில் போட்டாள்.

ஆல்டன் ஸ்டெபின்ஸ் நன்றி சொன்னார். வாய் சிரித்தது, மனசு கணக்குப் போட்டது.

எங்கள் வெர்மான்ட் மாநில மலைப்பக்கத்தில் ஓட்டுக் கேட்க ஊர்க் குப்பைக் கிடங்கை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது. கதவைத் தட்டினால் திறக்காத மனிதர்கூடச் சனிக்கிழமை தன் குப்பையைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துதான் ஆகவேண்டும். ஆல்டன் காலையிலிருந்து வாசலில் நின்று வந்தவர் கையையெல்லாம் குலுக்கினார். சிலருடைய கை ஈரமாக இருந்தது. அது என்ன ஈரம் என்று அவர் யோசிக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். மூன்றில் ஒன்று உனக்கு.

அந்த ஒன்றில்தான் வினையே இருந்தது. எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டம் முழுவதும், மாநிலச் செனட்டுக்கு ஒரே தொகுதி. தொகுதிக்கு ஓர் ஆள் என்ற சிக்கனம் எங்களுக்கு இல்லை. மூன்று பேரை அனுப்புகிறோம். அதனால் ஆளுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்களுக்குத்தான் போடலாம், ஒருவருக்கே கொட்ட முடியாது. அதிக ஓட்டு வாங்கிய முதல் மூன்று பேர் தலைநகருக்குப் போவார்கள். நான்காவதாக வந்தவர் வீட்டுக்குப் போவார். ஆல்டன் இதுவரை இரண்டு தேர்தலில் நின்று இரண்டு முறையும் வீட்டுக்குப் போனவர்.

பதவியில் இருந்த மூவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாட்டு வைத்தியர் ஃபாரஸ்ட் பனிப்புயலில் வந்து கன்று எடுத்துக் கொடுத்தவர். லூசியன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் படித்தார்கள். வக்கீல் கோர்டீலியா எல்லோருடைய உயிலையும் எழுதி வைத்திருந்தாள். அவளைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? ஆல்டனின் நண்பர்கள் அவருக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, மிச்சம் இரண்டை இந்த மூவரில் இருவருக்குப் போட்டார்கள். நண்பர்கள் அல்லாதவர்கள் மூன்றையும் இந்த மூவருக்கே போட்டார்கள். எப்படிக் கூட்டினாலும் ஆல்டன் நான்காம் இடம்.

இந்த முறை நான்காம் இடம் வரக்கூடாது. வந்தால் வீட்டை விற்றுவிட்டு, பனியே விழாத ஃப்ளோரிடாவுக்குக் குடிபோவதாக மனைவி ரொவீனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு முட்டி சரியில்லை. போன குளிர்காலத்தில் வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து, தபால்காரர் வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜெயித்தால் வேறு கதை. சட்டசபை கூடுவது குளிர்காலத்தில். தலைநகரில் லிஃப்ட் வைத்த குடியிருப்பில் இருந்துவிட்டு, பனி உருகியதும் ஊருக்குத் திரும்பலாம். அதற்கு அவள் சம்மதித்திருந்தாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஃப்ளோரிடா என்ற பெயரைக் கேட்டாலே ஆல்டனுக்கு மனசு வலித்தது. எட்டுத் தலைமுறை ஸ்டெபின்ஸ்கள் தேவாலயத்துக்குப் பின்னால் மேப்பிள் மரத்தடியில் படுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஸ்டெபின்ஸ் போய் நீச்சல் குளத்தின் ஓரமாகத் துண்டை விரித்துப் படுப்பதா?

அன்று மதியம் ரொவீனாதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"உன்னைத் தோக்கடிக்கறது உன் எதிரி இல்ல, ஆல்டன். உன் சிநேகிதங்கதான். உனக்கு ஒண்ணு போட்டுட்டு, உன்னை எதிர்த்து நிக்கறவங்களுக்கு ரெண்டு போடறாங்க. அந்த ரெண்டைப் போடாம இருக்கச் சொல்லு."

"அப்படிப் போடாம விடலாமா?"

"மூணு வரைக்கும் போடலாம்னுதான் சட்டம். மூணும் போட்டே ஆகணும்னு யாரு சொன்னா?"

ஆல்டனுக்கு இருட்டில் விளக்கு ஏற்றியது போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை குப்பைக் கிடங்குக்குப் போய், எனக்கு மட்டும் ஒன்றைப் போடுங்கள், மற்ற இரண்டையும் சும்மா விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அவர் கணக்குச் சரிதான். சொன்ன ஊர்தான் தப்பு. எங்கள் ஊரில் எதையும் வீணாக்குவது என்பது திருட்டுக்கு ஒரு படி மேலான பாவம். அதே குப்பைக் கிடங்கில் ஒரு கொட்டகை உண்டு. மூக்கு உடைந்த கெட்டில், ஒற்றைக் கையுறை, மூன்று கால் நாற்காலி எல்லாவற்றையும் யாருக்காவது ஆகும் என்று அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டும் போவார். எட்னா ஒற்றைக் கையுறைகளாகச் சேர்த்தே ஒரு குளிர்காலத்தை ஓட்டியவள்.

"ரெண்டு நல்ல ஓட்டைத் தூக்கி எறியச் சொல்றியா?" என்று அவள் கேட்டாள். "ஒரு காலத்துல பொம்பளைக்கு ஓட்டே கிடையாது. இப்ப மூணு குடுத்திருக்காங்க. அதுல ரெண்டைக் குப்பையில போடணுமாக்கும் உனக்காக."

திங்கட்கிழமைக்குள் விஷயம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. ஸ்டெபின்ஸ் ஓட்டை வீணாக்கச் சொல்கிறாராம். பெட்ரோல் பங்கில் ஒருவர் அவருடன் பேசாமல் திரும்பிக்கொண்டார். மூன்றில் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட, "பாக்கலாம்" என்றார்கள். எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஆல்டன் விடவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்து அடுத்த வழியைக் கண்டுபிடித்தார். இவர்களுக்கு ஓட்டை வீணாக்க மனசு வராது. சரி, வீணாக்க வேண்டாம். ஜெயிக்கவே முடியாத இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்துவோம். மிச்சம் இரண்டு ஓட்டையும் அவர்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகட்டும். ஓட்டுப் போட்டவருக்கும் திருப்தி, நமக்கும் சேதமில்லை.

ரொவீனா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நல்லதில்லை என்பது கல்யாணமான முதல் வருஷமே ஆல்டனுக்குத் தெரியும். ஆனாலும் புறப்பட்டார்.

முதல் ஆள் லைமன். தேனீ வளர்ப்பவர், ஆல்டனோடு பள்ளியில் படித்தவர். காது முக்கால்வாசி கேட்காது. கேட்கும் கருவி ஒன்று இருந்தது. தேனீக்களின் சத்தம் அதில் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஆல்டன் தேன்பெட்டிகளுக்கு நடுவே நின்று, உரத்த குரலில், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டால் அந்த ஒருவருக்கு எவ்வளவு பலம் என்று விரலை விட்டுக் காட்டினார். ஊர்க்காரர்கள் அதைக் கேட்காததால்தான் இந்த ஏற்பாடு என்றார். இடையில் கழுத்தில் ஒரு கொட்டும் வாங்கினார்.

"நான் ஜெயிச்சுட மாட்டேனே?" என்று லைமன் கேட்டார்.

"சத்தியமா மாட்ட. அதுக்கு நான் பொறுப்பு."

"மேடையில பேசணுமா?"

"வேண்டாம்."

"உனக்கு உதவும்னா நிக்கறேன்டா," என்றார் லைமன். ஆல்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நண்பன் என்றால் இவனல்லவா நண்பன்.

இரண்டாவது ஆள் ஹெஸ்டர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். அவள் வாசிக்கும் ஆமை வேகத்தில், ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இறைச்சியை வைத்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் கரிதான் சாப்பிடுவார்கள். யாரும் தனக்குத் தொலைபேசியில் பேசக்கூடாது, வாசலில் பலகை நடக்கூடாது, வண்டியில் ஏற்றி எங்கும் கூட்டிப்போகக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டுவிட்டு அவளும் சம்மதித்தாள். தேர்தலில் நிற்க ஆளுக்கு நூறு கையெழுத்து சேர்க்க வேண்டும். அதையும் ஆல்டனே அலைந்து சேர்த்துக் கொடுத்தார்.

ஆக, மூன்று இடத்துக்கு ஆறு பேர். இனி மிச்ச ஓட்டுகள் பழைய மூவருக்குப் போகாமல் இந்த இருவருக்கு வர வேண்டும். ஆல்டன் வீடு வீடாக ஏறி இறங்கினார். தன் ஓட்டைப் பற்றி நாசூக்காக ஒரு வார்த்தை. அதற்கு மேல் தன்னைப் பற்றிப் பேசுவது எங்கள் பக்கத்தில் அநாகரிகம். மிச்ச நேரமெல்லாம் லைமனையும் ஹெஸ்டரையும் பற்றித்தான்.

"ரெண்டும் பாவம். ஜெயிக்கப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா பேருக்கு நேரா சைபர்னு வந்துட்டா மனசு ஒடைஞ்சுடும். உங்ககிட்ட எப்படியும் ரெண்டு ஓட்டு மிச்சம் இருக்கு. வீணாப் போறதுக்கு அவங்களுக்குப் போடலாமே."

வீணாகப் போகிறது என்ற சொல் வேலை செய்தது. பாவம் என்ற சொல் அதைவிட நன்றாக வேலை செய்தது. எட்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சாவுக்கு ஹெஸ்டர் வாசித்த வாசிப்பு, பெட்டி குழிக்குள் இறங்கி அரைமணி நேரம் கழித்தும் முடியவில்லை, அத்தனை மரியாதை. லைமன் அவளுக்கு வருஷா வருஷம் ஒரு பாட்டில் தேன் கொடுக்கிறார். இருவருக்கும் போடுவதாகச் சத்தியம் செய்தாள். ஆல்டன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

"ரொம்பப் புகழாதே," என்றாள் ரொவீனா.

"புகழல. பரிதாபமாத்தான் சொன்னேன்."

"அது இன்னும் மோசம்."

அக்டோபரில் தேவாலயக் கூடத்தில், மாவுக்குள் கோழிக்கறி அடைத்துச் சுட்ட சிக்கன் பை விருந்து நடந்தது. சாப்பாட்டுக்கும் பழப் பணியாரத்துக்கும் நடுவே வேட்பாளர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவது வழக்கம். ஃபாரஸ்ட், லூசியன், கோர்டீலியா மூவரும் எப்போதும் பேசுவதைப் பேசினார்கள். ஆல்டன் இடிந்த பாலத்தைப் பற்றிப் பேசினார். அவர் பேசும்போது பலர் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்கள். லைமன் பேசமாட்டார் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் யாரோ ஒருவர் எழுந்து, வரியை உயர்த்துவீர்களா என்று அவரைக் கேட்டார். லைமனுக்குக் கேட்கவில்லை. அந்த மனிதரை அன்போடு பார்த்துக்கொண்டே இருந்தார். கூடம் காத்திருந்தது. கேட்டவர் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷமாக இதே கேள்வியைக் கேட்டு இதே மழுப்பலை வாங்கியவர் அவர். பொய் சொல்லாத ஓர் அரசியல்வாதியை அன்றுதான் பார்த்தார். கைதட்டல் எழுந்தது.

ஹெஸ்டரிடம் பள்ளிக்கூடச் செலவைப் பற்றிக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாதே," என்றாள் அவள். "தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்." இதற்கும் கைதட்டல். ஒரு கிழவர் எழுந்து நின்றே தட்டினார்.

ஆல்டனுக்குப் பணியாரம் இறங்கவில்லை. மறுநாளே பிரசாரத்தை மாற்றினார். லைமன் தங்கமான மனுஷன்தான், ஆனால் சட்டசபையில் யார் பேசுவதும் அவர் காதில் விழாதே என்று எட்னாவிடம் நைசாக எடுத்துப் போட்டார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் எட்னா. "அங்க போனவனெல்லாம் கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டுப்போறான். இவரு காதுல யாரு என்னத்தை ஓத முடியும்?"

ஹெஸ்டர் ரொம்ப மெதுவாயிற்றே என்றார். சட்டம் போடுவதில் என்ன அவசரம் என்று பதில் வந்தது. வேகமாகப் போட்ட சட்டத்தால்தான் லூசியனின் பேருந்துக்கே போன வருஷம் பிரேக் லைட் இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தது என்றார் பக்கத்தில் நின்றவர்.

மூன்றாவது வீட்டில் நிலைமை முற்றிவிட்டது. "அவங்களைக் கூட்டிவந்து நிறுத்தினதே நீதானே? இப்ப நீயே அவங்களைக் கொற சொல்றே," என்று அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் குத்துதே குடையுதே என்றால் யார் இரங்குவார்கள்? ஆல்டன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து தேர்தல் வரை யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பலன் இருந்தது. அடக்கமான மனுஷன் என்று அவருக்கும் கொஞ்சம் ஓட்டு சேர்ந்தது.

நவம்பரில் தேர்தல். ஆல்டன் ஊர்மன்றத்தில் திரையை இழுத்து விட்டுக்கொண்டு வாக்குச்சீட்டைப் பார்த்தார். ஆறு பெயர்கள், பக்கத்தில் ஆறு வட்டங்கள். தன் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை அழுத்தி நிரப்பினார். மிச்சம் இரண்டு. பேனா காற்றில் நின்றது. விட்டுவிடலாம் என்று அறிவு சொன்னது. ஆனால் அறிவு நேற்று வந்தது. கை எட்டுத் தலைமுறையாக வந்தது. நல்ல ஓட்டு இரண்டை வெறுமனே பெட்டியில் போட அந்தக் கைக்கு மனசு வரவில்லை. பழைய மூவருக்குப் போட முடியாது. ஒன்று ஹெஸ்டருக்கு. இன்னொன்று தன் பேச்சைக் கேட்டு நின்ற அந்த அப்பாவி நண்பனுக்கு. அவன் பெயருக்கு நேரே சைபர் என்று வந்துவிடக்கூடாதே. நிரப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வெளியே வந்தார்.

முடிவு வந்தது. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் ஒரே ஒரு ஓட்டுதான் வித்தியாசம் என்றதும் கவுண்டி முழுவதும் மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அதே ஒன்றுதான் வந்தது. அந்தச் செய்தியை ஊர் எழுத்தர் நார்மா காலையில் கடைக்கு வந்து சொன்னாள். காப்பிக் கோப்பையோடு பாதி ஊர் அங்கே நின்றது. ஆல்டனும் ரொவீனாவும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் இடம் ஹெஸ்டர். இரண்டாவது மாட்டு வைத்தியர் ஃபாரஸ்ட். மூன்றாவது லைமன். நான்காவது ஆல்டன் ஸ்டெபின்ஸ்.

"லூசியனையும் கோர்டீலியாவையும் நீ தாண்டிட்ட, ஆல்டன்," என்று நார்மா ஆறுதல் சொன்னாள். "பழைய ஆளுங்க ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கே. சின்ன விஷயம் இல்ல."

லைமனும் ஆல்டனும் சமமாக வந்திருந்தால் அவர்கள் இருவருக்கும் மட்டும் மறுதேர்தல் நடக்கும் என்றும் அவள் விளக்கினாள். லைமன் பதவியே வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். அப்போதும் அந்த இடம் நான்காவது ஆளுக்கு வராதாம். ஆளுநர் பார்த்து யாரையாவது நியமிப்பாராம். ஆல்டன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மலை மேல் முதல் பனி விழுந்திருந்தது. அந்த மலையை அவர் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்.

ரொவீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. ஃப்ளோரிடாவில் தன் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாகவும், முதலில் ஒரு குளிர்காலம் மட்டும் இருந்து பார்க்கலாம் என்றும் மெல்லச் சொன்னாள். அவள் அப்படி இரக்கத்தோடு பேசியதுதான் ஆல்டனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு லைமன் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. எட்னா ஓடிப்போய் அவர் காதருகே கத்தி வாழ்த்துச் சொன்னாள். அவர் அவளை விலக்கிவிட்டு நேராக ஆல்டனிடம் வந்தார். பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். பதிலைச் சரியாகக் கேட்டே ஆகவேண்டும் என்று வந்திருந்தார் போலிருக்கிறது.

"ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சேன்னு சொல்றாங்கடா," என்றார் லைமன், அவர் வழக்கமாகப் பேசும் அந்தப் பெரிய குரலில். "நீ சொன்னபடியே உனக்கு மட்டும் ஒண்ணு போட்டுட்டு, மத்த ரெண்டையும் சும்மா விட்டுட்டு வந்தேன். எனக்குக்கூட நான் போட்டுக்கல. அப்புறம் எந்தப் படுபாவிடா எனக்கு அந்த ஒரு ஓட்டைப் போட்டது?"